சாமி வராமல் ஆடியவள்

தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில் அவ்வப்போது யாரையாவது கூட்டிவந்து கையில் மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். அவர் உட்கார்ந்துகொண்டு பேசுவார், நாங்கள் நின்றுகொண்டு கேட்போம். "உங்களால் முடியும்" என்பார். முடியாமலா தினமும் விடிந்ததும் எழுந்து வந்து நிற்கிறோம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. கேட்பதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆகவே நான் யோகா வகுப்புக்குப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பு வலிக்காகப் போனேன், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் சேலைக் கடை விற்பனைப் பெண் என்றால் நிற்பதுதான் வேலை. எனக்குச் சுங்குடிச் சேலைப் பிரிவு. ஒரு சேலை எடுப்பதற்குக் குடும்பமே வரும். அடுக்கில் இருக்கிற அத்தனையையும் பிரிக்கச் சொல்லும். கடைசியில் "அப்புறமா வாரோம்" என்று எழுந்து போய்விடும். பிரித்ததை மடித்து அடுக்கி நிமிர்வதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும். இப்படியே நின்று நின்று, சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது கால் எனக்குச் சொந்தமானதாகவே இருக்காது.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா என் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரையவே எம்புட்டு நாளைக்குத் தின்பீங்க? யோகா எதுக்காச்சும் போங்க" என்றார். மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். யோகா என்றால் இன்னும் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். தூக்கத்தைக் குறைத்து அலுப்பைப் போக்கும் வைத்தியம் இது என்று திட்டிக்கொண்டேதான் சேர்ந்தேன்.

வகுப்பு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி போடும் கூடத்தில். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. மறுநாள் போனால் தரையில் பாயசம் பிசுபிசுக்கும், சாம்பார் வாசனை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாசனையில்தான் நாங்கள் மூச்சை உள்ளே இழுத்தோம், வெளியே விட்டோம். வந்தவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான். ஒருத்திக்கு மூட்டு, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு வீட்டை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி இருந்தால் போதும். சொல்லிக்கொடுத்தவள் என் மகள் வயதுப் பெண். அதட்ட மாட்டாள். குனிந்து கால் விரலைத் தொடச் சொல்வாள். கை முட்டியோடு நின்றுவிட்டால், "அதுவும் விரல்தான், விடுங்க" என்பாள்.

கடைசிக் கால் மணி நேரத்துக்கு அவள் ஒன்று வைத்திருந்தாள். போனில் வெறும் மேளத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வாள். "யாரும் யாரையும் பாக்கக் கூடாது. ஒங்க ஒடம்பு என்ன சொல்லுதோ அப்படி அசைங்க." என் உடம்பு படுக்கச் சொன்னது. அதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் நான் கண்ணை மூடாமல், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் அம்மா, நான் காட்டிய சேலையைத் தூக்கி என் முகத்துக்கு நேராக எறிந்தாள். வேறு நிறம் கேட்டாளாம், நான் கவனிக்கவில்லையாம். சூப்பர்வைசர் என்னைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். மறுநாள் காலை மேளம் போட்டபோது கால் தானாகத் தரையை மிதித்தது. மிதிக்க மிதிக்க இன்னும் மிதிக்க வேண்டும் போல இருந்தது. கை மேலே போயிற்று, தலை அசைந்தது. மேளம் நின்ற பிறகுதான் நான் நின்றேன். நெஞ்சு படபடத்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் உடம்பு எனக்காக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனால் ஒரு மதியம் கடையில் கூட்டம் குறைந்திருந்தபோது, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் பார்த்தார். "இடுப்பு வலிக்குது சார். செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கிறேன்" என்றேன். அவர் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார். மற்ற பெண்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு ஸ்டூல் வந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. மாசி மாதம் குலசாமிக்குப் பொங்கல் வந்தது.

என் கணவருடைய ஊர் சேவுகம்பட்டிக்கு அந்தப் பக்கம். பங்காளிகள் எல்லோரும் கூடி, தோப்புக்குள் இருக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவார்கள். கிடாயை என் கணவர் அய்யலூர் சந்தையில் பிடித்து வந்திருந்தார். ஆண்களுக்குப் பொறுப்பு அத்தோடு முடிந்தது. அடுப்பு, பாத்திரம், தண்ணீர், குழம்பு, வெஞ்சனம் எல்லாம் எங்கள் தலையில். நான் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து, கடையில் நிற்பதை விட அதிகமாக நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பங்காளிக் கூட்டத்தில் ஒரு வழக்கம். மேளத்துக்குப் பெண்கள் ஆடக் கூடாது. சாமி வந்தால் ஆடலாம். வராவிட்டால் கை கட்டிக்கொண்டு குலவை போட வேண்டும். ஆண்கள் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து கண்டபடி ஆடுவார்கள். அவர்களிடம் எந்தச் சாமி வந்திருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

எங்கள் அம்மன் ஒரு நேரத்தில் ஒரு பெண் மேல்தான் இறங்கும் என்பார்கள். அது பல வருடமாக என் ஓரகத்தி மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வருடம் முழுக்க அக்கா தக்காளிக் காட்டில் குனிந்து கிடப்பாள். வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசினால் அவள் கணவர் ஒன்பது வார்த்தை பேசுவார், குடித்திருந்தால் கையும் பேசும். பொங்கலன்று மட்டும் எல்லாம் தலைகீழ். அக்கா சிவப்புச் சேலை கட்டி, தலையை விரித்துப் போட்டு ஆடுவாள். திருநீற்றுத் தட்டு அவள் கைக்கு வரும். கூட்டம் மொத்தமும் அவளிடம் தலை குனியும். தன் கணவரை வேப்பிலையால் தலையில் ஓங்கி அடித்து, "ஏலே, இனிக் குடிப்பியா? குடிப்பியாலே?" என்று கேட்பாள். அவரும் கை கூப்பி, "இல்ல தாயி" என்பார். சாமி சொல்லுக்குப் பயந்து கொஞ்ச காலம் குடிக்கவும் மாட்டார். அந்தக் கொஞ்ச காலத்தை நம்பித்தான் அக்கா மிச்ச வருடத்தை ஓட்டினாள்.

இந்த வருடமும் உச்சி வெயிலில் உறுமி மேளத்தை எடுத்தார்கள். அக்கா சிவப்புச் சேலையில் முன்னால் நின்றாள். நான் அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்து, சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். அடி வயிறு வரைக்கும் இறங்குகிற அடி. காலையில் மேளம் கேட்டால் ஆடுவது என்று பழகிவிட்ட கால், இது மண்டபமா தோப்பா என்று பார்க்கவில்லை. கண்ணை மூடினேன். அதுதான் நான் செய்தது. மூடியதும் யாரும் பார்க்கவில்லை என்று உடம்பு நம்பிவிட்டது.

எவ்வளவு நேரம் ஆடினேனோ தெரியாது. குலவைச் சத்தத்தில் கண்ணைத் திறந்தால், என்னைச் சுற்றி வட்டம் கட்டி எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையோடு வந்து விழுந்தது. யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். என் கணவருடைய பெரியப்பா, அந்தக் கூட்டத்துக்கே பெரியவர், என்னிடம் நெருங்கி, "யாரு வந்திருக்கது? சொல்லு தாயி" என்றார்.

மூச்சு வாங்கியது. "செத்த நேரம் உக்காந்துக்கிறேன்" என்றேன்.

"தாயி உக்காரணுமாம்" என்று அவர் சத்தமாகச் சொன்னார். உடனே பட்டுத் துணி ஒன்றைத் தரையில் விரித்தார்கள். திருநீற்றுத் தட்டை என்னிடம் நீட்டினார்கள். நான் அதை வாங்கி அப்படியே அக்காவிடம் நீட்டினேன். பெரியவர் நடுவில் கையை வைத்துத் தடுத்துவிட்டார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். கொண்டையைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. அந்த வருடம் அவளுக்குச் சாமி வரவில்லை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணவரிடம் சொல்லிவிட்டேன். "ஏங்க, எனக்குச் சாமியெல்லாம் வரல. நான்தான் ஆடுனேன்."

அவர் முன் சீட்டு ஆள் கேட்டுவிட்டாரா என்று பார்த்துவிட்டு, "சும்மா இரு. சாமி ஆடுச்சுன்னா அது மரியாதை. நீ ஆடுனன்னா அம்புட்டுப் பேர் முன்னாடி நான் எப்படித் தலை நிமுந்து நடக்குறது?" என்றார்.

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகச் சொன்னார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன்.

அடுத்து வந்த நாட்களைச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, சுகமாகவும் இருந்தது. எங்களோடு இருக்கும் மாமியார் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். குடித்த டம்ளரை வாங்கிக்கொண்டும் போனார். கணவர் தன் தட்டைத் தானே கழுவினார். பேசும்போது குரலைத் தாழ்த்தினார். நான் குறுக்கே போனால் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். இத்தனை வருடம் சமைத்துப் போட்டும் சம்பாதித்துக் கொடுத்தும் வராத மரியாதை, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரில் வந்திருந்தது. இப்படியே சாமியாக இருந்துவிட்டால் என்ன என்று ஒரு காலைப் பொழுதில் நிஜமாகவே யோசித்தேன். அவ்வளவு அலுப்பு எனக்கு.

ஆனால் சாமிக்கும் சட்டதிட்டம் இருந்தது. நான் யோகாவுக்குக் கிளம்பியபோது மாமியார் வாசலில் நின்றார். "சாமி வந்த ஒடம்புத்தா. கண்ட கண்ட எடத்துல குப்புறப் படுத்து எந்திரிக்கலாமா? தீட்டுக்காரி எவளாச்சும் பக்கத்துல படுத்திருப்பா. இனிமே அங்கிட்டுப் போகாத."

ஆக, ஆடியதற்காகக் கும்பிட்டார்கள், ஆடக் கற்றுக்கொண்ட இடத்துக்குப் போகாதே என்றார்கள். அன்றைக்கு நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மேளம் இல்லாத காலை நேரம் எனக்கு வெறிச்சென்று இருந்தது. இது எனக்கே வியப்புதான். இடுப்பு வலிக்காகப் போகிறேன் என்று அதுவரை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஊரிலிருந்து போன் வந்தது. சாமி இடம் மாறிவிட்டது, வருகிற அமாவாசைக்குக் கூட்டம் கூடி, அக்கா கையால் தட்டை என்னிடம் கொடுக்க வைத்து முறைப்படுத்திவிட வேண்டும் என்றார்கள். நான் வாய் திறக்காமல் இருந்தால் வகுப்பும் போகும், அக்காவுக்கு இருந்த ஒரே பிடியும் போகும். வாயைத் திறந்தால் என் மானம் போகும். மூன்றில் எது போனால் பரவாயில்லை என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. கடையில் வார விடுப்பு வந்த அன்று பஸ் ஏறி அக்காவைப் பார்க்கப் போனேன்.

அக்கா காட்டோரம் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி வருவதற்குள் பெட்டியில் போட வேண்டும். "வாத்தா" என்றாள். பழைய குரலில்லை, கொஞ்சம் பயந்த குரல். சாமியிடம் பேசுவதாக நினைத்தாளோ என்னவோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடிபட்ட பழத்தை ஒதுக்கத் தொடங்கினேன்.

"அக்கா, எனக்குச் சாமி வரல. நான் டவுன்ல ஒரு கிளாசுக்குப் போறேன். அங்க மேளம் போட்டு ஆடுவோம். அந்தப் பழக்கத்துல ஆடிட்டேன்."

அக்கா கை நிற்கவில்லை. ஒரு பெட்டியை நிறைத்து ஓரமாகத் தள்ளினாள்.

"அப்ப நீ சும்மாத்தான் ஆடுனியா?"

"ஆமாக்கா."

"அங்க ஆடுறப்ப யாரு பாப்பாக?"

"யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாரும் கண்ண மூடிக்கிருவோம்."

"யாரும் பாக்கலைன்னா அப்புறம் எதுக்கு ஆடுறீக?"

அதற்கு மண்டபத்தில் அந்தப் பெண் ஏதேதோ விளக்கம் சொல்வாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ரொம்ப அசதியா இருக்குக்கா. ஆடுனா கொஞ்சம் கொறையுது" என்றேன்.

"எனக்கும் அசதிதான்" என்றாள் அக்கா. பிறகு கையில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, "சாமி சில வருசம் வரும். சில வருசம் வராது. மேளம் வருசா வருசம் வருதுல்ல" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"நீ போயி அமாவாசையன்னைக்கு நான்தான் ஆடுனேன்னு சொல்லிட்டு டவுனுக்குப் பஸ் ஏறிப்போயிருவ. அடுத்து என்னையத்தான் திரும்பிக் கேப்பாக. அந்த மனுசன் அதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காரு. வருசத்துல அந்த ஒரு நாள் சொல்றதத்தான் காதுல வாங்குறாரு. அதையும் கெடுத்துப்புடாத."

கெஞ்சவில்லை, கணக்காகச் சொன்னாள். வண்டி வந்தது. பெட்டிகளை இருவரும் சேர்ந்து தூக்கிக் கொடுத்தோம். இடுப்பில் சுளீரென்று பிடித்தது. வீடு வந்து சேரும்வரை நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அமாவாசையன்று தோப்பில் எல்லோரும் கூடினார்கள். பெரியவர் நடுவில் உட்கார்ந்தார். அக்கா கையில் தட்டோடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்காவின் கணவர் மரத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். கண் சிவந்திருந்தது. அக்காவின் இடது கன்னத்தில் ஒரு வீக்கம் இருந்தது, பொங்கலுக்கு அது இல்லை. தட்டு கை மாறுவதற்கு முன்பே அடி தொடங்கியிருந்தது. இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"வாங்கிக்க தாயி" என்றார் பெரியவர்.

"மாமா, எனக்குச் சாமி வரல. மேளம் அடிச்சாங்க, ஆடணும் போல இருந்துச்சு. ஆடுனேன்."

என் குரல் நடுங்கியது.  மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்கள் சொல்லும் தன்னம்பிக்கை இதுதான் என்றால், அது காய்ச்சல் வந்தது போலத்தான் இருந்தது. மாமியார், "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றார். கணவர் தரையைப் பார்த்தார்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப யாரக் கேட்டு ஆடுன?"

"யாரையும் கேக்கல மாமா."

பின்னால் யாரோ "ஆட்டக்காரி" என்றார்கள். கூட்டம் சிரித்தது. மரத்தில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "அப்ப இவளுக்கு வாரது மட்டும் என்னவாம்? அதையும் கேளுங்க பெரியப்பா" என்று அக்காவைக் கை நீட்டிக் காட்டினார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "அக்காவுக்கு வாரது சாமிதான். எனக்கு வரலைன்னு ஒங்ககிட்ட ஒத்துக்கிட்டவ நானு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

பெரியவர் யோசித்தார். அவமானப்பட்டு நிற்கிறவள் இன்னொருத்திக்காகப் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் சொன்னது பொய்யா என்று எனக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அம்மன் முன்னால் சும்மா ஆடியது குற்றம் என்றும், நான் விளக்குப் போட்டு, சாமி வருகிறவள் கையால் திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் தீர்ப்புச் சொன்னார். இனி அந்த வகுப்புக்குப் போகக் கூடாது என்று மாமியார் இடையில் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். "சாமியே வரலையாம், அவ எங்கிட்டுப் படுத்து எந்திரிச்சா நமக்கென்ன" என்று பெரியவர் கையை உதறினார்.

விளக்கை ஏற்றிவிட்டு அக்கா முன்னால் போய் நின்று குனிந்தேன். முதுகு முழுக்கக் கூட்டத்தின் பார்வை. திண்டுக்கல் போனதும் கணவர் பேச மாட்டார், காபி கிடைக்காது, காலையில் வழக்கம் போல எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று மனசு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அக்காவின் கட்டை விரல் என் நெற்றியில் அழுந்தியது. திருநீறு பூசியவள் விரலை எடுக்கவில்லை. முகத்தை என் காதருகே கொண்டுவந்தாள்.

"குடுத்து வச்சவ நீ" என்றாள்.

சொல்லிவிட்டுத் தட்டோடு நகர்ந்தாள். திருநீறு வாங்க எனக்கு அடுத்து நின்றவர் அவள் கணவர். அவர் தலை குனிந்தார்.